ஊர்ப் பங்கில் வந்த மூச்சு

போன வருடம் கார்த்திகை மழை நேரம், நெல்லியடிக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊரில் நடந்தது இது. அதைச் சொல்வதற்கு முதல் எங்கள் தண்ணீர் பில்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தண்ணீர் பில்லில் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைக்காதீர்கள், இருக்கிறது.

எங்கள் பக்கத்துக் கிணறுகள் பாதிக்கு மேல் உவர். அதனால் ஊரவர்களே சேர்ந்து ஒரு குடிநீர்ச் சங்கம் நடத்துகிறோம். தாங்கி, குழாய், வீட்டுக்கு வீடு மீற்றர் எல்லாம் உண்டு. மாத முடிவில் வருகிற பில்லின் கடைசி வரியில் 'ஊர்ப் பங்கு' என்று இருபது ரூபா போட்டிருக்கும். விரும்பினால் கட்டலாம், விருப்பம் இல்லையென்றால் சொல்லி வெட்டலாம். வெட்டியவர்கள் குறைவு. இருபது ரூபாவுக்காக ஊருக்குள் பெயரைக் கெடுப்பானேன் என்று நினைத்தவர்களும் இருப்பார்கள். அந்தக் காசைச் சேர்த்து வருடத்துக்கு ஒருமுறை ஊரில் உள்ள ஏதாவது ஒரு சங்கத்துக்கு, கேட்ட தேவையைப் பார்த்துக் கொடுப்பார்கள். ஒருமுறை பாலர் பாடசாலைக்கு ஊஞ்சல் வந்தது. ஒருமுறை சுடலைக்குக் கூரை போட்டார்கள். என் கணவர் அதைத் "தண்ணிக்குள்ளாலை வாற தட்சணை" என்று பகிடி பண்ணுவார்.

அந்த மழைக்கு முந்தின வருடக் கூட்டத்தில் இரண்டு கோரிக்கைகள் வந்தன. விளையாட்டுக் கழகம் கரப்பந்துத் திடலுக்கு லைட் கேட்டது. சனசமூக நிலையம் ஒரு ஒட்சிசன் மெஷின் கேட்டது. காற்றில் இருந்து ஒட்சிசனைப் பிரித்தெடுத்து மூக்குக் குழாயால் கொடுக்கிற மெஷின், கரண்டில் வேலை செய்யும், அடியில் சில்லு இருக்கும். என் கணவர் பழைய கரப்பந்தாட்டக்காரர். எழும்பி நின்று லைட்டுக்குக் கை தூக்கினார். தோற்றுப்போய் வீட்டுக்கு வந்து, சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தார். மெஷின் வந்தது. தேவைப்படுகிற வீட்டுக்கு வாடகை இல்லாமல் கொடுப்பார்கள், தேவை முடிந்ததும் நிலையத்துக்குத் திரும்ப வந்துவிட வேண்டும். ஊருக்கு ஒன்றுதான்.

அதற்குப் பிறகுதான் இவருக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. முதலில் படியேறினால், பிறகு குளித்துவிட்டு வந்தால், பிறகு கதைத்தாலே. நுரையீரல் இறுகிக்கொண்டு போகிறது என்று டொக்டர் சொன்னார். கிளினிக்கில் இவருக்கு ஒரு கூட்டாளி கிடைத்தார். எங்கள் ஊரவர்தான், ஓய்வு பெற்ற பஸ் கொண்டக்டர், அவருக்கும் இதே நுரையீரல் வருத்தம். இரண்டு பேரும் ஒரே மர வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, மூச்சு வாங்கி வாங்கி ஊர்ப்புதினம் கதைப்பார்கள். ஒருவரை ஒருவர் "காத்துக் கூட்டாளி" என்றுதான் கூப்பிடுவார்கள். வருத்தம் அவருக்குத்தான் முதலில் முற்றியது. ஆகவே மெஷின் அவர் வீட்டுக்குப் போனது. அதில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

இவருக்கும் முழுநேரமும் ஒட்சிசன் வேண்டும் என்று ஆனபோது, கொழும்பில் இருக்கும் இவருடைய தம்பி ஒரு மெஷின் வாங்கி லொறியில் ஏற்றிவிட்டார். அந்த நேரம் பார்த்து மழை பிடித்தது. வழியில் பாலம் ஒன்றுக்கு மேலால் வெள்ளம் பாய, லொறி அங்கேயே நின்றுவிட்டது. அது வரும்வரை நெல்லியடியில் வாடகைக்கு எடுத்த சிலிண்டர்தான் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றது.

நான் இயல்பாகவே பயந்த பிறவி. அடுப்பை நிறுத்தினேனா என்று பாதி வழியில் திரும்பி ஓடி வருகிறவள். அப்படிப்பட்ட ஒருத்தியிடம், சிலிண்டரில் மிச்சம் இருக்கிற காற்றைக் காட்டும் முள்ளைப் பார்க்கிற வேலையைக் கொடுத்தால் எப்படி இருக்கும்? சோறு வடிக்கும்போது ஓடிப்போய்ப் பார்ப்பேன். உடுப்புத் துவைக்கும்போது ஓடிப்போய்ப் பார்ப்பேன். பார்க்கப் பார்க்க அது இன்னும் கெதியாக இறங்குகிற மாதிரி இருக்கும்.

இந்த நேரத்தில்தான் அந்தக் கொண்டக்டர் செத்துப்போனார். இவரிடம் சொல்ல வேண்டாம் என்று நானும் மாமியும், அதாவது இவருடைய தாயும், முடிவெடுத்தோம். ஒரே வருத்தம், ஒரே வாங்கு, கேட்டால் மனிதன் இடிந்து போய்விடுவார் என்று பயம். பிரேதம் எடுக்கிற அன்று மழைக்குள்ளால் பறைச் சத்தம் கேட்டது. ஆர் என்று இவர் கேட்டார். அங்காலே ஆரோ தெரியாத ஆக்கள் என்று சொல்லிவிட்டு நான் குசினிக்குள் போய்விட்டேன். இவர் மறுபடி கேட்கவில்லை.

அதற்கு இரண்டு நாள் கழித்து, விடியக் காலையிலேயே முள் சிவப்புக்குக் கிட்ட வந்துவிட்டது. சிலிண்டர் கடைக்குப் போன் எடுத்தேன். வீதியில் முழங்காலுக்கு மேலே தண்ணீர், வான் ஓடாது, வெள்ளம் வடிந்தால் கொண்டுவருகிறோம் என்றார்கள். அம்புலன்சுக்குச் சொன்னேன். சுற்றுப்பாதையால்தான் வர வேண்டும், எப்போது வந்து சேரும் என்று சொல்ல முடியாது என்றார்கள், ஆனால் பதிந்துகொண்டார்கள். இவர் கட்டிலில் நிமிர்ந்து இருந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையைக் காட்டி, காற்றைக் குறைத்து விடு, போதும் என்றார். குறைத்தேன். கொஞ்ச நேரத்தில் சொண்டும் உதட்டோரமும் கறுத்துக்கொண்டு வந்தன. திரும்பக் கூட்டினேன். கூட்டினால் முள் இறங்கும், குறைத்தால் மனிதன் மூச்சுக்குத் தவிப்பார். அந்தத் திருகியில் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

கடைசியில் சனசமூக நிலையத்துச் செயலாளருக்குப் போன் எடுத்தேன். இளந்தாரிப் பிள்ளை, பள்ளிக்கூட வாத்தியார்.

"அக்கா, மெஷின் நிலையத்திலை இல்லை. கொண்டக்டர் அண்ணையின்ரை வீட்டைதான் நிக்குது. துடக்கு வீடெல்லோ, அந்தியேட்டி முடிய எடுப்பமெண்டு விட்டிட்டம்," என்றார். பிறகு குரலைத் தணித்து, "நான் போய்க் கேக்கிறது சரிவராது அக்கா. ஆனா நீங்கள் கேட்டால், லாண்ட்மாஸ்டர் ட்ரக்டரோடை வாசல் படலையிலை வந்து நிப்பன்," என்றார்.

எங்கள் ஊர் வழக்கம் தெரிந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. செத்தவீடு என்றால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும் வரைக்கும் துடக்கு, அதாவது தீட்டு. அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டோம், போய்வந்தால் தலையில் வார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவோம். அங்கிருந்து ஒரு சாமானை எடுத்து இன்னொரு வீட்டுக்குக் கொண்டு போவது என்பது நடக்கிற காரியம் இல்லை. அதிலும் எங்கள் வீட்டில் மாமி பிள்ளையார் கதைக்கு விரதம். எல்லாவற்றுக்கும் மேலாக என் சொந்தப் பயம் ஒன்று இருந்தது. ஒரு மனிதன் கடைசி மூச்சு விட்ட மெஷினைக் கொண்டுவந்து இவருக்குப் பூட்டலாமா? கேட்கப் போனால், அவர் எப்போது போவார் என்று காத்திருந்த மாதிரி அந்த வீட்டாருக்குத் தெரியாதா?

மாமியிடம் சொன்னேன். அவர் நெற்றியில் விபூதியோடு விறாந்தையில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போ பிள்ளை. பிள்ளையாரோடை நான் கதைச்சுக்கொள்ளுறன்," என்றார். அறைப் பக்கம் கையைக் காட்டினார். "உள்ளை மூச்சில்லாமல் கிடக்கிறது என்ரை பிள்ளையெல்லோ."

குடையைப் பிடித்துக்கொண்டு வெள்ளத்துக்குள் நடந்தேன். அந்த வீட்டு வளவில் தறப்பாள் பந்தல் தண்ணீர் கட்டித் தொங்கியது. கதிரைகளில் நாலைந்து ஆம்பிளைகள். என்னைக் கண்டதும், துக்கம் விசாரிக்க வந்தேன் என்று நினைத்து ஒருவர் எழும்பி இடம் விட்டார். உள்ளே போய்க் கொண்டக்டரின் மனைவியான அக்காவுக்குப் பக்கத்தில் இருந்தேன். அவர் அறைக்குள் நிலத்தில் இருந்தார். அவருக்குப் பின்னால் மெஷின் நின்றது. அதற்கு மேலே கொண்டக்டரின் சால்வையைப் போர்த்தியிருந்தார்கள். அக்கா அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டிருந்தார்.

எப்படிக் கேட்பது? வீட்டில் முள் இறங்கிக்கொண்டிருக்கிறது, நான் இங்கே வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன். இரண்டு மூன்று தரம் வாயைத் திறந்து மூடினேன். பிறகு எப்படியோ, ஒழுங்கும் முறையும் இல்லாமல், வெள்ளம், சிலிண்டர், லொறி என்று கொட்டிவிட்டேன். வாசலில் நின்ற அக்காவின் தமையன்தான் கதைத்தார்.

"அந்தியேட்டி முடியட்டும் பிள்ளை. துடக்குச் சாமானை வருத்தக்காரன் கிடக்கிற வீட்டை கொண்டு போறது சரியில்லை. உங்கடை நன்மைக்குத்தான் சொல்லுறன்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. நானே வழியெல்லாம் எனக்குச் சொல்லிக்கொண்டு வந்ததைத்தான் அவர் சொன்னார். அழுகைதான் வந்தது. எழும்பப் போனேன்.

அப்போது அக்கா என் பக்கம் திரும்பி, "முள்ளு எங்கை நிக்குது?" என்று கேட்டார்.

எங்கள் ஊரில் வேறு யாரும் அன்று என்னிடம் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள். மெஷின் அந்த வீட்டுக்கு வருவதற்கு முதல் அவரும் சிலிண்டரோடு நாட்களைக் கழித்தவர். சிவப்புக்குள் போய்விட்டது என்றேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பினார்.

"அண்ணை, விலகுங்கோ. துடக்கெண்டு நான்தான் நிலையத்து ஆக்களுக்குச் சொன்னனான். எனக்கு உந்த மெஷினை விட மனம் வரேல்லை, அதுதான்."

தமையன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா அவரைச் சொல்ல விடவில்லை. "உது எங்கடை சாமான் இல்லை. ஊர்க்காசு. இவவும் பங்கு கட்டினவதானே," என்றார். பிறகு, "கட்டாட்டிலும் குடுக்கத்தான் வேணும்," என்று தனக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னார்.

சால்வையை எடுத்து மடித்தார். மெஷினில் பூட்டியிருந்த மெல்லிய மூக்குக் குழாயை மெதுவாகக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டார். "உது இருக்கட்டும். உங்களுக்குப் புதுசு இருக்குமெல்லோ?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அந்தக் குழாயைச் சால்வைக்குள் வைத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் மெஷினை விட்டுவிட்டே வந்திருப்பேன்.

கடைசியில் தமையன்தான் அதைப் பந்தலுக்குள்ளால் தூக்கிக்கொண்டு வந்து படலையில் நின்ற லாண்ட்மாஸ்டரில் ஏற்றித் தறப்பாளால் மூடினார். செத்தவீட்டில் இருந்து புறப்படும்போது போய்விட்டு வருகிறேன் என்று சொல்வதில்லை. நன்றி என்றும் எனக்கு வாய் வரவில்லை. அக்கா வாசலில் நின்று, போய்ச் சேர்ந்ததும் போன் எடு என்று மட்டும் சொன்னார்.

செயலாளர் லாண்ட்மாஸ்டரை ஊர விட்டுக்கொண்டு வந்தார். சில்லு பள்ளத்தில் விழும்போதெல்லாம் நான் மெஷினைக் குழந்தையைப் பிடிக்கிற மாதிரிப் பிடித்துக்கொண்டேன். கரண்ட் நிற்கக்கூடாது, கரண்ட் நிற்கக்கூடாது என்று அதையே மந்திரம் மாதிரிச் சொல்லிக்கொண்டு வந்தேன். வீட்டில் லைட் எரிவதைத் தூரத்தில் கண்டபோதுதான் அந்த மந்திரத்தை நிறுத்தினேன்.

படியில் மாமி ஒரு செம்போடு நின்றார். நாங்கள் மெஷினை விறாந்தையில் இறக்கித் தறப்பாளை எடுத்தோமோ இல்லையோ, துடக்குக் கழியட்டும் என்று மாவிலையால் மஞ்சள் தண்ணீரை அள்ளி அதன் மேலே சளார் சளார் என்று தெளித்தார். "அம்மா! கரண்டுச் சாமான்!" என்று செயலாளர் கத்தினார். மாமி திடுக்கிட்டுச் செம்பையே கை நழுவ விட்டார். மெஷினின் மேலெல்லாம் மஞ்சள் வழிந்தது. பக்கத்தில் இருந்த காற்றுத் துவாரங்களுக்குள்ளும் போயிருக்கும். துவாய், சீலைத்துண்டு, என் சேலைத் தலைப்பு என்று கிடைத்ததால் எல்லாம் துடைத்தோம். செயலாளர் வாயால் ஊதிக்கூடப் பார்த்தார்.

அறைக்குள் கொண்டுபோய் பிளக்கைப் போட்டோம். உறுமிக்கொண்டு தொடங்கியது. ஆனால் சிவப்பு லைட். கீச்சென்று ஒரு சத்தம். நாங்கள் மூன்று பேரும் அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டு நின்றோம். பச்சை வரவில்லை. மாமி நிலத்தில் குந்திவிட்டார். "நான் கெடுத்துப்போட்டன், நான் கெடுத்துப்போட்டன்," என்று தலையில் அடித்துக்கொண்டார். சிலிண்டரின் முள் அடியில் போய்ப் படுத்துவிட்டது. இவர் கண்ணை மூடிக்கொண்டு தோளை ஏற்றி ஏற்றி மூச்சு எடுத்துக்கொண்டிருந்தார். ஊரே சேர்ந்து வாங்கிய ஒரே ஒரு மெஷினை, ஒரு துக்கக்காரியின் முதுகில் இருந்து பறித்துக்கொண்டு வந்து, தண்ணீர் ஊற்றிக் கெடுத்துவிட்டோம் என்றே நான் நம்பினேன். இவர் போய்விடுவார் என்றும் நம்பினேன். அந்த இரண்டு நினைப்பும் ஒன்றாக வந்தன.

அக்காவுக்குப் போன் எடுத்தேன். மஞ்சள் தண்ணீர், சிவப்பு லைட் என்று அழுதழுது சொன்னேன்.

"வந்த அண்டைக்கு நான் உதுக்குச் சந்தனம் பூசி, சில்லுக்குக் கீழை தேசிக்காய் வைச்சு நசிச்சனான் பிள்ளை, புது வாகனத்துக்கு மாதிரி. அவர் பேசின பேச்சு!" என்றார் அக்கா. அவர் சிரித்தாரா அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை. "போட்டவுடனை பச்சை வராது. கொஞ்சம் ஓட வேணும். அதுமட்டும் சிவப்பிலைதான் நிக்கும். பயப்பிடாதை. போனை வையாதை, நான் நிக்கிறன்."

அவர் நின்றார். நான் போனை மெஷினுக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டேன், அந்த இரைச்சல் அவருக்குக் கேட்கட்டும் என்று. கீச்சுச் சத்தம் நின்றது. பிறகு லைட் பச்சைக்கு மாறியது. செயலாளர் இவருடைய குழாயைச் சிலிண்டரில் இருந்து கழற்றி மெஷினில் பூட்டினார். பச்சை வந்திட்டுது அக்கா என்றேன். ஓம் என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்துவிட்டார்.

கொஞ்சம் கொஞ்சமாக இவருடைய சொண்டில் நிறம் வந்தது. கண்ணைத் திறந்து மெஷினைப் பார்த்தார். பக்கத்தில் காற்று அளவு காட்டுகிற இடத்தில் ஒரு பிளாஸ்டர் துண்டு ஒட்டி, பேனையால் கோடு போட்டிருந்தது. கொண்டக்டருக்கு எவ்வளவு வைக்க வேண்டும் என்ற அடையாளம். இவர் அதைக் கன நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வேறு பக்கம் திரும்பினேன்.

"மறைக்காதை. எனக்கு அண்டைக்கே தெரியும்," என்றார். "பறை எந்த ஒழுங்கையாலை போகுதெண்டு எனக்குத் தெரியாதே? நீ சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டு கிடந்தன்."

அவருடைய கண்ணில் தண்ணீர் நின்றது. நான் கட்டிலடியில் குந்தி அவருடைய காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கொஞ்சம் மூச்சு வந்ததும், "நல்லகாலம், நான் திடலுக்குக் கேட்ட லைட்டை அவையள் தரேல்லை," என்றார். அழுகைக்குள்ளே சிரிப்பும் வந்துவிட்டது. அம்புலன்ஸ் பொழுதுபடத்தான் வந்தது. வந்தவர்கள் பார்த்துவிட்டு, நிலைமை பரவாயில்லை, வெள்ளம் வடிந்ததும் கிளினிக்குக்குக் கொண்டுவந்து காட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

பயம் அதோடு முடிந்தது என்று நீங்கள் நினைத்தால் என்னைத் தெரியாது என்று அர்த்தம். அடுத்த நாளே புதுப் பயம் ஒன்று பிடித்துக்கொண்டது. போன் அடித்தால், செயலாளராக இருக்குமோ, இன்னொரு வீட்டுக்கு மெஷின் தேவையாம் என்று சொல்லப் போகிறாரோ என்று எடுக்கத் தயங்குவேன். மழைக்குள் ஒருத்தி குடையோடு வந்து எங்கள் படலையில் நின்றால் நான் என்ன சொல்லுவேன்? அந்த அக்கா எழும்பின மாதிரி நான் எழும்புவேனா? நல்ல வேளை, என்னை யாரும் அப்படிச் சோதிக்கவில்லை. வெள்ளம் வடிந்து தம்பியின் லொறி வந்தது. எங்கள் மெஷின் ஓடத் தொடங்கிய கையோடு ஊர் மெஷினை நிலையத்துக்குக் கொடுத்துவிட்டேன். நல்ல நேரம் பார்த்துக் கொடு என்று மாமிகூடச் சொல்லவில்லை. இவர் இப்போதும் அந்தக் கட்டிலில் இருந்து என் சமையலுக்குக் குறை சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.

ஊர் மெஷின் இப்போது எங்கள் ஒழுங்கை முடிவில் உள்ள ஒரு வீட்டில் நிற்கிறது. அந்த வீட்டாரோடு எனக்குப் பெரிய பழக்கம் இல்லை. ஆனாலும் கோயிலுக்குப் போகும்போது அந்தப் படலையடியில் கால் தானாக நின்றுவிடுகிறது. காதைக் கொடுப்பேன். உறுமல் கேட்டால்தான் நடப்பேன். ஒருநாள் கேட்கவில்லை. பதறிப்போய்ப் படலையைத் தட்டிவிட்டேன். தூசி துடைக்க நிற்பாட்டினோம் என்று அந்த வீட்டுப் பெண் சொன்னார். என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, பிறகு விளங்கிக்கொண்டவர் போல, உள்ளே வாங்கோ என்று கூப்பிட்டார்.

முன்பெல்லாம் பில்லின் கடைசி வரியில் உள்ள அந்த இருபது ரூபாவை யாருக்கோ கொடுக்கிற காசு என்றுதான் கட்டினேன்; இன்று அதைக் கட்டும்போது, எனக்குப் பெயர்கூடத் தெரியாத ஒரு வீட்டில் முள்ளைப் பார்த்துக்கொண்டு ஒருத்தி நிற்கிறாள் என்ற பயம் வருகிறது, அந்தப் பயம் என்னை விட்டுப் போகக்கூடாது என்றே நான் வேண்டிக்கொள்கிறேன்.